இதயம் நன்றாக இருந்தும் இரத்த ஓட்டம் செயலிழக்குமா? ஷாக் என்பதும் அதுவும் ஒன்றுதானா?

கேள்வி: தங்கச்சிமடம் வாசகி

மருத்துவம் அறிந்தவர்களுக்கு வணக்கம். என் சித்தப்பாவுக்கு வயது 58. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். சில வாரங்களுக்கு முன் வலையிலிருந்து மீனைப் பிரித்துப் போடும்போது கெளுத்தி முள் அவருடைய பாதத்தில் ஆழமாகக் குத்திவிட்டது. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. கால் சிவந்து வீங்கியது. மாலைக்குள் பேச்சு தடுமாறத் தொடங்கியது. முதலில் காட்டிய ஒரு சிறு மருத்துவமனையில் பிரஷர் 110/60 இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லி, காய்ச்சலுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நாடித்துடிப்பு 126 என்று அந்தச் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. அன்று இரவே இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனபோது மேல் அழுத்தம் 80 ஆக இறங்கியிருந்தது. ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் செப்டிக் ஷாக் என்று இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டபோது, 'இரத்த ஓட்ட மண்டலமே செயலிழந்துவிட்டது' என்றார். ஆனால் எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயம் நன்றாக இயங்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இதயம் நன்றாக இருக்கும்போது இரத்த ஓட்டம் எப்படிச் செயலிழக்கும்? அப்படிச் செயலிழப்பதற்குத்தான் ஷாக் என்று பெயரா, அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்று வருகிறதா? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் மாரடைப்பால் ஷாக் ஆனவர் ஒருவர் இருந்தார். சித்தப்பாவுக்குப் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றியவர்கள், அவருக்குக் குடிக்கும் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தார்கள். நோயின் பெயர் ஒன்றாக இருக்க, வைத்தியம் ஏன் நேரெதிராக இருந்தது?

பதில்: தேவிபட்டினம் செவிலியர் (பணி ஓய்வு)

அம்மா, காரணங்களை மருத்துவர்கள் விளக்கட்டும்; கட்டிலின் அருகே நின்று பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். பிரஷர் கருவியில் தெரியும் எண் இந்த நோயில் பெரும்பாலும் கடைசியாகத்தான் விழும். அதற்கு முன்பே உடல் பல இடங்களில் சொல்லிவிடுகிறது. நாடி விரைவாக ஓடும், மூச்சு வேகமாகும், சிறுநீர் குறைந்துவிடும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் நேரம், இடம் தெரியாமல் உளறுவார் அல்லது காரணமில்லாமல் எரிந்து விழுவார். உங்கள் சித்தப்பாவின் பேச்சு தடுமாறியது காய்ச்சல் வேகத்தால் வந்த பிதற்றல் என்று ஒதுக்கக்கூடிய அறிகுறி அல்ல.

நகத்தை அல்லது விரல் நுனியை ஐந்து நொடி அழுத்திப் பிடித்துக் கையை எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடியும் சிவக்க வேண்டும். சிவக்க மூன்று நொடிக்கு மேல் ஆனால் தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். பழைய காலத்துச் செவிலியர் வழக்கம் என்று இளையவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. ஆனால் தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால் வரும் ஷாக்) சிகிச்சை சரியான வழியில் போகிறதா என்று அறிவதற்கு, இரத்தத்தில் லாக்டேட் (உயிரணுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட இந்த விரல் சோதனை எந்த வகையிலும் தாழ்ந்ததாகத் தெரியவில்லை என்று காட்டியது. எளிய சோதனைக்கும் ஒரு குறை உண்டு: குளிரூட்டிய அறையிலும், மழையில் நனைந்து வந்தவரிடமும் இது பொய் சொல்லும்.

டெங்கு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ஷாக் வருவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அப்போது மேல் அழுத்தம் 100 என்றே இருக்கும், கீழ் அழுத்தம் 84 என்று ஏறி நிற்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், மேல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஷாக்தான்.

பதில்: தீவிர சிகிச்சை மருத்துவர், மதுரை (சொந்த ஊர் கீழக்கரை)

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. ஐரோப்பியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2014இல் வெளியிட்ட கருத்தொருமிப்பு அறிக்கை, உயிருக்கு ஆபத்தான வகையில், உடல் முழுவதையும் பாதிக்கும்படி, திடீரென நேரும் இரத்த ஓட்டச் செயலிழப்பே ஷாக் என்றும், அதனால் உயிரணுக்கள் போதிய ஆக்சிஜனைப் பெற்றுப் பயன்படுத்த இயலாமல் போகின்றன என்றும் வரையறுக்கிறது. எனவே இரத்த ஓட்டச் செயலிழப்பு என்பது பெரிய வட்டம். ஷாக் அதற்குள் அடங்கிய, மிகக் கொடிய பகுதி. அந்த அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: ஷாக் என்று முடிவு செய்வதற்கு இரத்த அழுத்தம் குறைந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் கதையில் 110/60 என்ற எண்ணைக் கண்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வரிதான்.

இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் நாம் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். வளர்ந்த ஒருவரின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஆனால் அந்த இரத்தம் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் குடலுக்கும் போய்ச் சேர்வதற்கு இதயம் மட்டும் போதாது. நம் மாவட்டத்துக் கண்மாய்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால், கண்மாய் வற்றியிருக்கலாம். நீர் இருந்தும் அதை மேட்டுக்கு இறைக்கும் எஞ்சின் பழுதாகியிருக்கலாம். வாய்க்காலில் மண் சரிந்து அடைத்திருக்கலாம். அல்லது எல்லாம் சரியாக இருந்தும், கரைகள் உடைந்து வாய்க்கால் அகன்று, நீர் வழியிலேயே பரவிக் கசிந்து போயிருக்கலாம். கடைமடைக்காரருக்கு நான்கும் ஒன்றுதான், பயிர் வாடுகிறது. அந்த வாட்டம்தான் ஷாக். மருத்துவத்தில் இந்த நான்கு வகைப் பிரிவு 1970களின் தொடக்கத்தில் வெய்ல், ஷூபின் என்ற இரு மருத்துவர்கள் முன்வைத்தது. இன்றும் அதையே பின்பற்றுகிறோம்.

இரத்தப்போக்கு, வாந்திபேதி, டெங்குவின் நீர்க்கசிவு ஆகியவற்றில் குழாய்களுக்குள் இருக்கும் இரத்தத்தின் அளவே குறைகிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு நேர்ந்தது இதயத் தசையின் பழுது. மாரடைப்பில் இடது இதய அறையின் தசையில் ஏறத்தாழ 40 விழுக்காடு வேலை செய்யாமல் போய்விட்டால், தள்ளும் ஆற்றல் உடலின் தேவைக்குப் போதாமல் ஷாக் வந்துவிடும். தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நிலையில் சலைனை ஊற்றினால் அது நோயாளியை அவருடைய மூச்சுக்குள்ளேயே மூழ்கடிப்பதாக முடியும். அவருக்கு வேண்டியது அடைப்பை விரைந்து திறப்பதுதான். 1999இல் முதல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இத்தகையவர்களுக்கு உடனே அடைப்பை நீக்குவது ஆறு மாத முடிவிலும் ஓராண்டு முடிவிலும் கூடுதலானோரை உயிருடன் வைத்திருந்தது என்று காட்டிய பிறகு அதுவே நடைமுறையாகிவிட்டது. வலது இதய அறையைத் தாக்கும் மாரடைப்பில் மட்டும் சற்று நீர் ஏற்ற வேண்டியிருக்கும். அதையும் அளந்து, பார்த்துப் பார்த்துத்தான் செய்வோம்.

மூன்றாவது வகையில் இதயத்தில் குறையில்லை, இரத்தத்தின் அளவிலும் குறையில்லை, வழி மறிக்கப்படுகிறது. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீரோ இரத்தமோ நிறைந்து அதை விரியவிடாமல் அழுத்துவது, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரல் தமனியை அடைப்பது, மார்புக்குள் காற்று புகுந்து இறுகுவது ஆகியவை இதில் சேரும். நம் கடற்கரையில் இந்தக் கடைசி வகையை நினைவில் வைத்திருப்பது நல்லது. காற்றழுத்தக் குழாயில் மூச்சு விட்டபடி ஆழத்தில் வேலை செய்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நீரின் அழுத்தம் குறையக் குறைய நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து அதைக் கிழித்துவிடக்கூடும். இறுகிய காற்றை வெளியேற்ற மார்பில் ஓர் ஊசி செலுத்தினால் சில நிமிடங்களில் அழுத்தம் மீளும். பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினாலும் அது நடக்காது.

உங்கள் சித்தப்பாவுக்கு வந்தது நான்காவது. கிருமித் தொற்றுக்கு எதிராக உடலே வெளியிடும் பொருள்கள், குறிப்பாக நைட்ரிக் ஆக்சைடு, இரத்த நாளங்களின் சுவர்த் தசையைத் தளர்த்திவிடுகின்றன; நுண்நாளங்களின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. எக்கோவில் இதயம் நன்றாக, சில வேளைகளில் வழக்கத்தைவிட வேகமாகத் துடிப்பதாகக்கூடத் தெரியும். ஆனால் அது தள்ளும் இரத்தம் அகன்று போன நாளங்களில் அழுத்தம் இழந்து, வேண்டிய உறுப்புக்குப் போகாமல் வேண்டாத வழியில் சுற்றித் திரும்புகிறது. தொடக்கத்தில் கைகால்கள் சூடாக இருப்பதால் வீட்டார் மட்டுமல்ல, மருத்துவர்களும் ஏமாறுவதுண்டு. இதற்கு வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பது, முதல் மூன்று மணி நேரத்துக்குள் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மி.லி. வீதம் நீர் ஏற்றுவது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1,800 மி.லி. ஆகும். அத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தும், சராசரி அழுத்தம் 65க்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்த நார்அட்ரினலினும் வேண்டும். மேல் எண் மட்டும் சொன்னால் போதாது என்பதால் சராசரி அழுத்தத்தைக் கணக்கிடும் முறையையும் சொல்கிறேன்: கீழ் எண்ணின் இரு மடங்கோடு மேல் எண்ணைக் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும்.

நீர் ஏற்றுவது தீங்கற்றது என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குன்றி வந்த குழந்தைகளுக்கு வேகமாக நீர் ஏற்றியபோது 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் 10 விழுக்காட்டைத் தாண்டினர். அவ்வாறு ஏற்றாத குழுவில் அது 7.3 விழுக்காடு. ஐ.சி.யூ. வசதி இல்லாத இடங்களில் நடந்த ஆய்வு என்பதைக் கணக்கில் கொண்டாலும், சலைனும் அளவறிந்து கொடுக்க வேண்டிய மருந்துதான் என்பதை அந்த எண்கள் மறுக்க விடவில்லை.

பதில்: உடலியங்கியல் ஆசிரியர்

மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; வட்டத்துக்குள் வட்டம் என்று அவர் காட்டியதை இரு பக்கமும் சற்று நீட்ட விரும்புகிறேன். இரத்த ஓட்டச் செயலிழப்புகள் எல்லாமே ஷாக் ஆகிவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் இதய பலவீனத்தோடு கால் வீங்கி, மாத்திரையில் காலம் தள்ளுகிறவருடைய இரத்த ஓட்டமும் குறைபட்டதுதான். ஆனால் உடல் அதற்குப் பழகிக்கொண்டிருக்கிறது. புகைபிடிப்பவர் ஒருவரின் காலில் தமனி அடைத்துப் பாதம் அழுகினால் அது அந்தக் காலோடு நிற்கிறது. வெயிலில் நின்று மயங்கி விழுந்தவர் படுத்தவுடன் தெளிந்துவிடுகிறார். இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது: திடீரென்று வந்தது, உடல் முழுவதும் பரவியது, தானாகச் சரியாகாதது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஷாக். மறுபக்கத்தில், சயனைடு நஞ்சில் இரத்தமும் ஆக்சிஜனும் தாராளமாகவே போய்ச் சேர்ந்தாலும், உயிரணுவால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. அங்கே தொடக்கத்தில் இரத்த ஓட்டத்தில் குறையே இல்லை.

ஒரு திருத்தம் கோருகிறேன். 2016இல் ஏற்கப்பட்ட வரையறையின்படி, போதுமான நீர் ஏற்றிய பிறகும் சராசரி அழுத்தத்தை 65இல் நிறுத்த மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால்தான் அது செப்டிக் ஷாக். அந்த அளவுகோலின்படி முதல் மருத்துவமனையில் இருந்த நேரத்தில் சித்தப்பாவை அப்படிப் பெயரிட முடியாது. அவருடைய 110/60க்கு நீங்கள் சொன்ன கணக்கைப் போட்டால் சராசரி ஏறத்தாழ 77 வருகிறது, அது இயல்பு எல்லைக்குள் இருப்பதுதான். வேறொரு கணக்கைத்தான் அங்கே போட்டிருக்க வேண்டும். 1967இல் ஆல்கோவர், புர்ரி என்ற இருவர் சொன்ன ஷாக் குறியெண், நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. நலமாக உள்ளவர்களுக்கு அது 0.5 முதல் 0.7 வரை இருக்கும். 1ஐத் தொட்டால் கவலைப்பட வேண்டும். 126ஐ 110ஆல் வகுத்தால் 1.15 வருகிறது. அந்தச் சீட்டிலேயே இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன.

பதில்: தீவிர சிகிச்சை மருத்துவர், மதுரை

ஆசிரியர் சொல்லும் வரையறை ஆய்வுக்கும் பதிவேட்டுக்கும் உரியது. பெயர் பொருந்தும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்பதில் அவரும் உடன்படுவார். குறியெண்ணைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். காய்ச்சலே நாடியை விரைவுபடுத்தும் என்பதால் எண் சற்று மிகைப்படலாம். அதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கம்: இரத்தக் கொதிப்புக்கு அடினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவரின் நாடி ஷாக்கிலும் விரைவதில்லை, ஆகவே எண் அழகாக இருக்கும். வழக்கமாக 150 இருப்பவருக்கு 110 என்பதே வீழ்ச்சி என்பதையும் கருவி சொல்லாது. கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும்.

அழுத்தம் ஏறியபடியே ஷாக்கை நோக்கிப் போகும் நோய் ஒன்றும் நம் பக்கத்துக் காய்ந்த நிலங்களில் உண்டு, செந்தேள் கடி. அதன் நஞ்சு உடலின் அட்ரினலின் வகைப் பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டவைக்கிறது. முதலில் அழுத்தம் எகிறுகிறது, வியர்த்துக் கைகால் சில்லிடுகிறது, பிறகு இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது. மஹாராஷ்டிராவின் மஹாட் என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் 1980களில் ப்ரசோசின் என்ற மலிவான மாத்திரையை இதற்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை ஷாக்கைத் தடுக்கிறது என்றால் கேட்பவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். ஓட்டத்தின் தடை எங்கே என்று தெரிந்தவர்களுக்கு வியப்பில்லை.

பதில்: பாம்பன் விசைப்படகு

எல்லாரும் மருத்துவமனைக்குள் நடப்பதைப் பேசுகிறீர்கள். நாங்கள் கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் இருக்கும்போது வின்ச்சில் கயிறு சுற்றிக் கை கிழிந்து இரத்தம் கொட்டினால் என்ன செய்வது? சொறி (ஜெல்லி மீன்) பட்டு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டுகிறவனுக்கு என்ன செய்வது? மயங்கினால் காலைத் தூக்கிப் பிடி என்கிறார்கள், சூடாகச் சாயா கொடு என்கிறார்கள். எது சரி?

பதில்: தேவிபட்டினம் செவிலியர் (பணி ஓய்வு)

தம்பி, இரத்தப்போக்கில் படகிலேயே செய்யக்கூடியதுதான் உயிரைக் காக்கிறது. கரைக்கு வந்த பிறகு செய்வது அதற்கு அடுத்ததுதான். 60 கிலோ எடையுள்ள ஆளின் உடலில் சுமார் 4 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் 15 விழுக்காடு போகும்வரை எந்த மாற்றமும் பெரிதாகத் தெரியாது. 30 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் அழுத்தம் விழத் தொடங்கும். அதாவது ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிட்டர் இரத்தம் போயிருக்கலாம். இளவட்டங்கள் நீண்ட நேரம் தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று சரிவார்கள். எனவே சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து உள்ளங்கையால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரல்கடை மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணிப்பட்டையால் குச்சி வைத்து முறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மெல்லிய நைலான் கயிற்றால் கட்டாதீர்கள். அது சதையை அறுக்கும். ஈரத் துணியைக் களைந்து போர்த்துங்கள், ஏனென்றால் உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது குறையும். சாயா, சாராயம் எதுவும் வேண்டாம். மயக்கத்தில் புரையேறும், அறுவை சிகிச்சை வேண்டியிருந்தால் அதற்கும் இடைஞ்சல். வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனலிலும், கைப்பேசி எட்டும் தொலைவில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலும் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்; ஜெட்டிக்கு 108 வந்து நிற்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் என்ற ஊசி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் என்று 40 நாடுகளில் நடந்து 2010இல் முதல் முடிவு வெளிவந்த பெரிய ஆய்வு சொல்கிறது, அதனால் வலையை இழுத்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

காலைத் தூக்குவது தவறல்ல. இரத்தம் குறைந்து மயங்கியவருக்குக் காலிலிருக்கும் சிறிதளவு இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். அதன் பயன் சில நிமிடங்களுக்குத்தான். நெஞ்சுவலியோடு மூச்சு வாங்குகிறவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கினால் மூச்சுத் திணறல் கூடும். அவரைச் சாய்த்து உட்காரவையுங்கள். சொறி பட்டு ஒவ்வாமை வந்தால் மருந்து அட்ரினலின்தான், பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், நடுத்தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அது கரையில்தான் கிடைக்கும். அதுவரை ஆளைப் படுக்கவைத்தே கொண்டுவாருங்கள்; படகிலிருந்து இறங்கும்போதும் எழுந்து நடக்க விடாதீர்கள். நாளங்கள் தளர்ந்திருக்கும்போது சட்டென்று நிற்கவைத்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் ஒரேயடியாகக் குறைந்து அங்கேயே உயிர் போனதுண்டு.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாந்திபேதியோ வெயிலில் வியர்த்து ஓய்ந்ததோ எதுவானாலும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைப்பதுதான் கணக்கு. ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் அந்த உப்பே தீங்கு செய்யும்.

பதில்: தங்கச்சிமடம் வாசகி

அனைவருக்கும் நன்றி. பக்கத்துக் கட்டில் விஷயம் இப்போது விளங்கிவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம். சித்தப்பாவின் கால்விரல் நுனிகள் இரண்டு கறுத்துக் காய்ந்துபோயிருக்கின்றன. ஐ.சி.யூ.வில் கொடுத்த மருந்துதான் இதற்குக் காரணம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? நிறுத்திவைத்த பிரஷர் மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதும் தெரியவில்லை.

பதில்: தீவிர சிகிச்சை மருத்துவர், மதுரை

பாதி உண்மை. நார்அட்ரினலின் நாளங்களை இறுக்குகிறது, அதற்காகத்தான் கொடுக்கிறோம். விரல் நுனிகளுக்குப் போகும் இரத்தம் அதனால் குறையும். ஆனால் செப்டிக் ஷாக்கில் நுண்நாளங்களில் சிறுசிறு இரத்தக் கட்டிகளும் அடைக்கின்றன, சர்க்கரை நோயால் கால் நாளங்கள் முன்பே குறுகியிருக்கும். மருந்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் எட்டியிருக்காது. கறுத்த நுனி காய்ந்து, வலியின்றி, நாற்றமின்றி இருந்தால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்; உயிருள்ள சதைக்கும் இறந்த சதைக்கும் நடுவே எல்லை தெளிவாவதற்குப் பல வாரங்கள் ஆகும். ஈரம், சீழ், துர்நாற்றம், மேலேறும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஷாக்கில் அடிபட்ட சிறுநீரகம் மீண்டுவிட்டதா என்று கிரியாட்டினின் பரிசோதனை பார்த்து, வீட்டில் அளக்கும் அழுத்தம் மறுபடியும் ஏறுகிறதா என்று கவனித்து, அவருடைய மருத்துவர்தான் ஒவ்வொன்றாகத் தொடங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் இதே விதிதான். உடல்வலிக்கு டைக்ளோபினாக் வகை மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடல் அசதியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிப்பது இந்த நோயிலிருந்து மீண்டவர்களிடம் வழக்கம்தான்.

அவருடைய காயத்தில் எந்தக் கிருமி வளர்ந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டோடு இணைத்த ஆய்வகத் தாளைப் பாருங்கள். வெதுவெதுப்பான கடலோர நீரிலும் கழிமுகத்திலும் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி முள் குத்திய காயத்தின் வழியே புகுந்தால், சர்க்கரை நோயாளிகளிடமும் ஈரல் கெட்டவர்களிடமும் ஓரிரு நாளிலேயே ஷாக் வரை கொண்டுபோய்விடும். தோலில் இரத்தம் கலந்த கொப்புளங்கள் எழுவது அதன் அடையாளம். மறுபடியும் தொழிலுக்குப் போகும்போது முள் குத்தினால் உடனே நல்ல நீரில் கழுவி, உள்ளே முறிந்த துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு பரவும்வரை காத்திருக்கக் கூடாது. மீன் முள் வலிக்குச் சுடுநீரில் காலை வைப்பது நல்ல வைத்தியம்தான், அந்த நஞ்சு சூட்டில் சிதையும். நீர் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்தப்பாவின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்பதால், நீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் தம் கையால் பார்த்த பிறகே அவர் காலை வைக்க வேண்டும்.